நூற்று நாற்பத்தொரு விளையாட்டும் ஒரு தேயிலைச் செடியும்

1

"அண்ணே, உங்க கம்பெனி மட்டும் எப்படிண்ணே வாரத்துக்கு ஒரு கேம் எறக்குது? நான் ஒண்ணை வெளாண்டு முடிக்கல, அதுக்குள்ள அடுத்தது வந்து நிக்குது. அங்க உள்ளவங்க ஒறங்கவே மாட்டாங்களா?"

மூணாறு பக்கத்துச் சித்திரபுரத்திலிருந்து என் சித்தப்பா மகன் சில மாதங்களுக்கு முன் அனுப்பிய குரல் செய்தி இது. நன்றாக உறங்குகிறோம், சாயங்காலம் ஐந்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம் என்று பதில் போட்டேன். அவன் நம்பவில்லை. "சொல்லப் பிடிக்கலைன்னா விடுண்ணே" என்று கோபித்துக்கொண்டான்.

அதே வாரம் அதே கேள்வியை இந்த நாட்டு அரசாங்கமும் என்னிடம் கேட்டது. பதிவுத் தபாலில் கேட்டது. சித்தப்பா மகனை வழியில் ஒரு பரோட்டா வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம். அரசாங்கத்தை அப்படிச் சமாளிக்க முடியாது. அதற்கு நான் பதில் சொல்லப் போய் என்ன ஆனது என்பதைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். என் கோப்பு இன்னும் அவர்கள் மேசையில்தான் இருக்கிறது. குளிர் நாடு, துறைமுக ஊர், தெருவில் டிராம் ஓடும். குளிர்காலத்தில் சூரியன் பத்து மணிக்கு வேலைக்கு வந்து மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடும். இங்கே வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகிறது. என் பெயர் அருள்ராஜ். மனைவி சுதா, கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் கோவிந்தாபுரம். மகள் ரியா, ஒன்பது வயது. எனக்குக் கொடுத்திருந்தது "படைப்புத் துறை நிபுணர்" என்ற அனுமதி. அதில் ஆறு வருடம் நல்லபடியாக இருந்துவிட்டால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். சுதாவும் ரியாவும் என் அனுமதியில் தொங்கிக்கொண்டுதான் இங்கே இருக்கிறார்கள். என்னுடையது போனால் மூன்று மாதத்துக்குள் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டும்.

நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பித்தேன். வந்த கடிதம் சுருக்கமாக இப்படிச் சொன்னது: கடந்த மூன்று வருடத்தில் நீங்கள் படைத்த புதிய படைப்புகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது என்று விளக்குங்கள். படிவத்தில் பன்னிரண்டு கோடுகள் இருந்தன. என் கணக்கில் நூற்று நாற்பத்தொரு விளையாட்டுகள் இருந்தன.

2

முதலில் தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா மகனே, நீயும் கேட்டுக்கொள்.

எங்கள் கம்பெனியில் ஒன்பது பேர். மூன்றாம் மாடியில் ஒரு நீண்ட அறை. வியாழக்கிழமை தோறும் மூன்று மணிக்கு ஒரு புது விளையாட்டு வெளியாகும், முதலாளி ஹென்ரிக் ஒரு கேக் வெட்டுவார். நான் வந்ததிலிருந்து கேக் மாறவில்லை, விளையாட்டும் மாறவில்லை. உள்ளே இருப்பது ஒரே ஒரு விளையாட்டுதான். ஒரே மாதிரி மூன்று பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் அவை மறையும், மேலிருந்து புதுசு விழும். இதை யாரோ ஒரு புண்ணியவான் எட்டு வருடத்துக்கு முன்னால் எழுதி வைத்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் எழுதியதைத் தொட இங்கே யாருக்கும் தைரியம் கிடையாது.

நாங்கள் மாற்றுவது சட்டையைத்தான். இந்த வாரம் பழம் விழும். அடுத்த வாரம் மீன் விழும். அதற்கடுத்த வாரம் ரத்தினக்கல். டிசம்பர் வந்தால் எல்லாவற்றுக்கும் பனி தூவி மணி கட்டிவிடுவோம். படங்கள்கூட நாங்களே வரைவதில்லை. மூட்டையாக விற்கிறார்கள், ஒரு மூட்டையில் நானூறு காய்கறி. வாங்கி நிறம் மாற்றி ஒட்டுவது என் வேலை. கோயம்புத்தூரில் அனிமேஷன் படித்துவிட்டு, கொச்சியில் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைகளின் தொப்பையைக் குறைத்துக்கொண்டிருந்த எனக்கு இது சிரமமாகவே இல்லை.

ஒருமுறை பாலைவன விளையாட்டு செய்தோம். முந்தைய வாரம் பனிப்பிரதேச விளையாட்டு. அவசரத்தில் ஒரு பென்குவினை எடுக்க மறந்துவிட்டேன். ஒட்டகங்களுக்கு நடுவே அது நின்றுகொண்டிருந்தது. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் திங்கட்கிழமை பார்த்தால் ஆட்கள் அந்தப் பென்குவினுக்காகவே திரும்பத் திரும்ப வந்திருந்தார்கள். அன்றிலிருந்து எல்லா விளையாட்டிலும் ஒரு பென்குவின் கட்டாயம் என்று ஹென்ரிக் உத்தரவு போட்டுவிட்டார்.

திங்கட்கிழமைதான் முக்கியம். வியாழன் வெளியிட்டதை முதல் நான்கு நாள் சோதனைக்கு விடுவோம். முதல் நாள் விளையாடியவர்களில் எத்தனை பேர் மறுநாள் வந்தார்கள் என்று பார்ப்போம். வந்திருந்தால் அதை வைத்துக்கொள்வோம், விளம்பரம் போட்டுக் காசு பார்ப்போம். வரவில்லை என்றால் திங்கள் காலையில் ஹென்ரிக் எழுந்து நின்று அதன் பெயரை வாசிப்பார், நாங்கள் ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம், பிறகு அதை அழித்துவிடுவோம். பத்தில் எட்டு இப்படித்தான் போகும். பத்து விட்டால்தானே இரண்டு பிழைக்கும்? அதனால்தான் வாரா வாரம் விடுகிறோம். இவ்வளவுதான் ரகசியம்.

3

கடிதம் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். புதன்கிழமை மத்தியானம் வரை அந்த வாரத்துக்கு எந்தச் சட்டையும் முடிவாகவில்லை. பழம் செய்தாயிற்று, மிட்டாய் செய்தாயிற்று, பல் டாக்டர் கூடச் செய்தாயிற்று. ஹென்ரிக் என்னைப் பார்த்து, "உங்கள் ஊரில் என்ன இருக்கிறது?" என்றார்.

எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. வட்டவடை என்றேன். மூணாறிலிருந்து மலை மேல் போனால் வரும் ஊர், படிக்கட்டு மாதிரி வயல், காரட், முட்டைக்கோஸ், வெள்ளைப்பூண்டு, அதையெல்லாம் ஏற்றிக்கொண்டு பேச்சைக் கேட்காமல் இறங்கும் ஜீப்புகள் என்று கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னேன். என் மாமா ஜீப் ஓட்டியவர். வளைவில் ஹாரன் அடிக்காமல் மாதாவை மட்டும் நம்பி இறங்குவார். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு வேலை ஆரம்பித்தது. காரட் இருந்தது. முட்டைக்கோஸ் இருந்தது. பூண்டு மூட்டையில் இல்லை, பழைய விளையாட்டிலிருந்து முத்து ஒன்றை எடுத்துக் கொஞ்சம் நசுக்கிக்கொண்டோம். ஜீப் இல்லை, டிராக்டர் இருந்தது. மலை இல்லை, பனிமலை இருந்தது. ஓட்டுநர் இடத்தில் பென்குவின் உட்கார்ந்தது. வியாழன் மூன்று மணிக்கு "வட்டவடை" என்ற பெயரிலேயே வெளியிட்டோம். நான் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரியா சோபாவில் கால்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "அப்பா, வட்டவடை நான் முடிச்சிட்டேன். ரொம்ப ஈஸி."

ஒரு தடவையாவது அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற ஊர். அது ஊரின் பெயர் கண்ணு, நிஜமாகவே இருக்கிறது, உன் அப்பாவின் மாமா அங்கே ஜீப் ஓட்டினார் என்றேன். "பென்குவினா?" என்று கேட்டாள். சமையலறையிலிருந்து சுதா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

திங்கட்கிழமை ஹென்ரிக் வட்டவடையின் பெயரை வாசித்தார். பெயரைச் சரியாகச் சொல்லக்கூட அவருக்கு வரவில்லை. ஒரு நிமிடம் நின்றோம். அழிக்கும் பொத்தானை அழுத்த வேண்டியது அந்த வாரம் என் முறை. மனசுக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் அழுத்தினேன்.

4

படிவத்துக்கு வருவோம். கூடுதல் தாள் இணைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். "ஒன்று: பழங்கள். இரண்டு: பழத்துக்குப் பதிலாக மீன். மூன்று: மீனுக்குப் பதிலாக ரத்தினக்கல். நான்கு: ரத்தினக்கல்லுக்குப் பதிலாகப் பழம், ஆனால் வேறு பழம்." ஐம்பத்தெட்டாவதில் நிறுத்திவிட்டு மேலிருந்து படித்துப் பார்த்தேன். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி எழுதிய விண்ணப்பம் மாதிரி இருந்தது.

சுதாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒரு ஓட்டலின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள், எதையும் மடிப்புக் கலையாமல் பேசுவாள்.

"ஏனுங்க, எல்லாமே ஒண்ணுதான்னு நெசத்தை எழுதிப்போட்டா என்னுங்க?"

"எழுதினா மூணு வருசத்துல ஒரே ஒரு வேலைதான் செஞ்சேன்னு ஆயிரும். அதுவும் நான் செஞ்சது இல்ல."

"அப்ப எல்லாமே வேற வேறன்னு எழுதுங்க."

"ஒரு மனுசன் மூணு வருசத்துல நூத்து நாப்பத்தொண்ணு எப்படிச் செய்வான், பொய் சொல்றான்னு சொல்லுவாங்க."

சுதா துணிக்கூடையை எடுத்தாள். "அப்பறம் எதுக்குங்க இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுத் துணி காயப் போடப் போய்விட்டாள்.

எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான். பயம் புதிதில்லை. நான் பிறந்தது மூணாறில், பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில். அம்மா முப்பத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். எஸ்டேட்டில் வேலை இருக்கும் வரைக்கும்தான் லயத்து வீடு. ரிட்டையர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். அப்பா இறந்து, அம்மாவும் ரிட்டையர் ஆனபோது, வேலைக்கு வீட்டில் அடுத்து யார் பெயர் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன். வீடு போனது. இப்போது அம்மா என் தங்கையோடு சித்திரபுரத்தில் இருக்கிறாள், தங்கை வீட்டுக்காரருக்கு மின்சார போர்டு வேலை, அவர்கள் கொடுத்த குவார்ட்டர்ஸ். அதுவும் அவர் வேலையில் இருக்கும் வரைக்கும்தான். இத்தனை கடல் தாண்டி வந்தும் நானும் வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வீட்டில்தான் இருக்கிறேன் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது.

ரியாவுக்கு இதெல்லாம் தெரியாது. இந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். அவள் கனவு காண்கிற மொழிகூட எனக்குத் தெரியாத மொழி. தமிழில் பேசினால் பாதி வாக்கியம் கோவிந்தாபுரம், பாதி சித்திரபுரம், கோபம் வந்தால் முழுக்க இந்த ஊர். அவளைக் கொண்டுபோய் எங்கே நிறுத்துவது?

5

பட்டியலை ஒருவழியாக நூற்று நாற்பத்தொன்று வரை எழுதி அனுப்பினேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். தாய்மொழியில் மொழிபெயர்ப்பாளர் தருவோம் என்று கடிதத்தில் இருந்தது. தமிழ் என்று கேட்டு எழுதினேன். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் கேரளம் என்று இருப்பதால் மலையாளம் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. கோயம்புத்தூரில் படித்தபோது என்னை ஹாஸ்டல் முழுக்க மலையாளி என்று கூப்பிட்டது. ஊரில் வில்லேஜ் ஆபீஸுக்குப் போனால் தமிழன். பழகின வழிதான், சரி என்று போனேன்.

மொழிபெயர்ப்பாளர் ஜோய் சேட்டன், கோட்டயத்துக்காரர், வயது அறுபது இருக்கும். நான் மலையாளத்தில் ஆரம்பித்து இரண்டே வாக்கியம் பேசினதும் கண்ணை இடுக்கினார். "தமிழாணு, அல்லே?" என்றார். ஆமாம் என்றேன். "சாரமில்லா. நீ தமிழ் பறஞ்ஞோ. எனிக்கு மனசிலாகும்." பரவாயில்லை, தமிழிலேயே பேசு, எனக்குப் புரியும் என்றார். நான் தமிழில் சொல்ல, அவர் மலையாளத்தில் யோசித்து, இந்த நாட்டு மொழியில் சொன்னார்.

எதிரே பச்சைக் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மா. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. என் பட்டியலைப் பதினோரு பக்கமும் படித்திருந்தார். அதுவே எனக்கு ஆச்சரியம்.

"எங்கள் கையேட்டின்படி, ஒருவர் வருடத்துக்கு ஒன்று முதல் நான்கு படைப்புகள் செய்தால் படைப்பாளி" என்றார். "நாற்பதுக்கு மேல் போனால் அது இயந்திரம் செய்வது. இயந்திரத்துக்கு நாங்கள் தங்கும் அனுமதி கொடுப்பதில்லை."

"நான் இயந்திரம் இல்லை."

"அப்படியானால் இவை புதியவை இல்லை."

"புதியவைதான்."

"எழுபத்து மூன்றுக்கும் எழுபத்து நான்குக்கும் என்ன வேறுபாடு?"

பட்டியலைப் பார்த்தேன். தக்காளிக்குப் பதிலாகக் கத்தரிக்காய் என்று எழுதியிருந்ததை வாசித்தேன். ஜோய் சேட்டன் அதை மொழிபெயர்க்காமல் என் முகத்தையே பார்த்தார்.

அந்த அம்மா பேனாவை எடுத்தார். அவர் எழுதத் தொடங்கிவிட்டால் முடிந்தது என்று எனக்குத் தெரியும். வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

"மேடம், எங்க அம்மா தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்தவங்க. ஒரே செடிதான். இன்னிக்குக் கொழுந்து எடுத்தா பத்துப் பன்னெண்டு நாள்ல மறுபடி வரும். மறுபடி எடுப்பாங்க. ரவுண்டுன்னு சொல்லுவோம். அம்மா முப்பத்திரண்டு வருசம் அதே மலையைச் சுத்திச் சுத்தி எடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் தனியா நிறுத்து, தனியா எழுதி, தனியாத்தான் தூளாக்குவாங்க. நேத்துக் குடிச்ச டீயவா இன்னிக்குக் குடிக்கிறீங்க? செடி பழசு, கொழுந்து புதுசு. எங்க கம்பெனியும் அந்த மாதிரிதான்."

ஜோய் சேட்டன் உற்சாகமாகிவிட்டார். நான் சொன்னதைவிட இரண்டு மடங்கு நேரம் பேசினார். நடுவில் கையால் மரத்தைச் சீவுகிற மாதிரி காட்டினார். தேயிலை அந்த அம்மாவுக்குப் புரியாதோ என்று தன் ஊரில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுப்பதையும் சேர்த்துச் சொன்னதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"அதே செடியா?"

"அதே செடிதான்."

"ஒரு செடியை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்?"

"எங்க அம்மா பொறக்கறதுக்கு முன்னாடி நட்டது. கவாத்து வெட்டி விட்டா மறுபடி தழைச்சுரும்."

"உங்கள் விளையாட்டிலும் வெட்டுவீர்களா?"

"திங்கட்கிழமை தோறும்."

அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்தார். தொழில்களின் பட்டியல். வெகுநேரம் புரட்டினார். ஒரு இடத்தில் விரலை வைத்துப் படித்தார், தலையாட்டினார், எழுதினார். முகம் மலர்ந்திருந்தது. இத்தனை நாளும் அவருக்கும் என்னை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் இருந்திருக்கிறது. வாசலில் ஜோய் சேட்டன் என் கையைப் பிடித்து, "ரட்சப்பெட்டு மோனே" என்றார். தப்பித்தாய் என்று அர்த்தம். நானும் அப்படித்தான் நம்பினேன்.

6

மூன்று வாரம் கழித்து அனுமதி அட்டை வந்தது. இந்த நாட்டு அரசாங்க மொழி எனக்கு முழுதாகப் புரியாது, ரியாவைப் படிக்கச் சொன்னேன். தொழில் என்ற இடத்தில் இருந்ததை அவள் இரண்டு முறை படித்துவிட்டு, தெரிந்த தமிழில் சொன்னாள்: "ஒரே செடியில திரும்பத் திரும்பப் பறிக்கிறவர்."

தோட்டத் தொழிலாளி. பருவகாலத் தோட்டத் தொழிலாளி.

கூடவே இருந்த நான்கு பக்கத்தில் என் உரிமைகள் இருந்தன. முதலாளி எனக்கு வருடம் இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ், ஒரு மழைக்கோட்டு, ஒரு தொப்பி தர வேண்டும். குடிதண்ணீர் நூறு அடிக்குள் இருக்க வேண்டும். முதுகெலும்பை வருடா வருடம் இலவசமாகப் பரிசோதிக்க வேண்டும். ஹென்ரிக் சட்டத்துக்குப் பயந்தவர், மறுநாளே பூட்ஸ் வாங்கி வந்துவிட்டார். தொழிலாளர் துறை ஆய்வாளர் ஒருவர் மூன்றாம் மாடி ஏறி வந்து, என் நாற்காலியிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் நாடா பிடித்து அளந்தார். பயிர் எங்கே என்று கேட்டார். ஹென்ரிக் திரையைக் காட்டினார். அந்த வாரம் நல்லவேளையாகத் தக்காளி. ஆய்வாளர் குனிந்து பார்த்து, மருந்து அடிக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றோம். "கூரைக்கு அடியில் சாகுபடி, இயற்கை முறை" என்று எழுதிக்கொண்டு போனார். அவர் எழுதி முடிக்கும் வரை நான் பூட்ஸைக் கழற்றவில்லை.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் கடைசிப் பக்கத்தை ரியா படித்தாள். பருவகால அனுமதி வருடத்துக்கு முந்நூற்று இருபத்தைந்து நாள்தான். மீதி நாற்பது நாளும் நாட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும், பிறகு புதிதாகத் திரும்பி வரலாம். புதிதாக வந்தால் புதிய கணக்கு. நிரந்தரத்துக்கான ஆறு வருடம் ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இதுவரை இருந்த ஆறு வருடமும் சேராது.

மேல்முறையீடு செய்யலாமா என்று ஹென்ரிக்கிடம் கேட்டேன். செய்யலாம், ஆனால் அதற்கு நான் படைப்பாளி என்று நிரூபிக்க வேண்டும் என்றார். மறுபடி அந்தத் தக்காளியும் கத்தரிக்காயும். வந்த அனுமதியையே ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சுதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏனுங்க, இருக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"இருக்கலாம். நாப்பது நாளைத் தவிர."

"அந்த நாப்பது நாளு புள்ளையோட பள்ளிக்கூடம்?"

நான் குனிந்து பூட்ஸைக் கழற்றினேன். அவள் பூட்ஸை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள்.

7

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். பூசை முடிந்து வந்து சட்டியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கார்டு வந்துவிட்டது என்றேன். "மாதாவே" என்றாள். பிறகு, "என்ன ஜோலின்னு போட்டிருக்கான்?" என்று கேட்டாள்.

சொல்வதா வேண்டாமா என்று தோன்றியது. பெயர் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவன் நான். அதனால் வீட்டைக் காலி செய்தவள் அவள்.

"தோட்டத் தொழிலாளின்னு போட்டிருக்கும்மா."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இருமல் வரும் வரைக்கும் சிரித்தாள். தங்கை ஓடி வந்து என்ன என்று கேட்பது எனக்குக் கேட்டது. "ஒங்கண்ணன் கொழுந்தெடுக்கப் போறானாம்டி" என்று அவளுக்கும் சொன்னாள். நானும் சிரித்தேன். கொஞ்சம் அடங்கியதும் அம்மாவின் குரல் மாறியது. தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் மட்டும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"பெர்மனெண்டா, டெம்பரரியா?"

"டெம்பரரிம்மா."

"வருசத்துல கொஞ்ச நாளு பேரை வெட்டுவாகளே?"

"நாப்பது நாளு."

"எனக்குப் பத்து நாளு வெட்டுவாக. சர்வீஸு சேந்துரக்கூடாதுன்னு. பதினோரு வருசம்டா. நீ பொறந்தப்பக்கூட நான் டெம்பரரிதான்." சட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "அந்தப் பத்து நாளு லயத்துல இருக்க விட்டாக, அப்பா பேருல வீடு இருந்ததுனால. நீ நாப்பது நாளு சுதாவையும் பிள்ளையயும் கூட்டிக்கிட்டு எங்க போவ?"

"ஊருக்குத்தான் வருவோம். உன்கிட்டதான்."

 அந்த குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. தங்கை, அவள் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அம்மா. அம்மாவின் கட்டில் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் கிடக்கிறது.

"வாங்க," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள், தங்கைக்குக் கேட்கக்கூடாது என்பது போல. "நான் மாப்பிள்ளைகிட்ட கேட்டு வைக்கிறேன்."

முப்பத்திரண்டு வருடம் மலையேறி இறங்கியவள், பெற்ற மகன் வந்து தங்குவதற்கு இன்னொருவரிடம் கேட்டு வைக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டு வைம்மா," என்றேன்.